அண்ணாமலையில் காடு வளருகிறது!
மான் உண்டு, மயில் உண்டு, தீதான் எதிரி

திருவண்ணாமலை என்றதும் தீபம் நினைவுக்கு வரும். கிரிவலம் நினைவுக்கு வரும். அந்த மலையில் ஒரு காடு இருப்பது பலருக்குத் தெரியாது.

மலையின் உயரம் சுமார் 2,670 அடி. சுற்றி வர 14 கிலோ மீட்டர். மலையின் தென்புறத்தில், செங்கம் சாலை ஓரமாக ரமணாசிரமம் இருக்கிறது. மலைக் காட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள்.

கல் பாதை

ஆசிரமத்தின் பின்பக்கம் ஒரு சிறு வாசல். அதைத் தாண்டினால் மலைப் பாதை. கற்கள் பாவிய பாதை அது. குழந்தைகளும் மெதுவாக ஏறலாம். முக்கால் மணி நேரத்தில் கந்தாசிரமத்தை அடையலாம்.

ரமணர் 1896-ல், 16 வயதில், திருவண்ணாமலைக்கு வந்தார். விருபாட்ச குகையில் பல ஆண்டுகள் வசித்தார். 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்தில் இருந்தார். அங்கே ஊற்று நீர் உண்டு. மர நிழல் உண்டு. அங்கிருந்து கீழே பார்த்தால், அண்ணாமலையார் கோவில் முழுவதும் தெரியும். 217 அடி ராஜகோபுரம்கூட பொம்மை போல் இருக்கும்!

பிராணிகளுக்கும் சமாதி

அந்தக் காலத்தில் இந்த மலையில் சிறுத்தைகள் நடமாடின. குரங்குக் கூட்டங்கள் ரமணரிடம் பழகின. லட்சுமி என்ற பசு 1926-ல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்தது. 1948-ல் இறந்தது. அதற்குச் சமாதி கட்டினார்கள். பக்கத்திலேயே ஒரு மானுக்கும், ஒரு நாய்க்கும், ஒரு காகத்துக்கும் சமாதி உண்டு. இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

இப்போது மலையில் புள்ளிமான், முயல், முள்ளம்பன்றி, கீரி ஆகியவை உண்டு. மயில்கள் ஆசிரமத்துக்குள்ளேயே உலாவும். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. கொடுத்துப் பழக்கினால், பையைப் பறிக்கும், கடிக்கவும் செய்யும்.

மொட்டையான மலை

ஆனைமலையில் மழைக்காடு இருக்கிறது. அது எப்போதும் பச்சையாக இருக்கும். அண்ணாமலைக் காடு வேறு வகை; இது வறண்ட காடு. மழைக் காலத்தில் தழைக்கும். கோடையில் பல மரங்கள் இலையை உதிர்த்துவிடும்.

இந்தக் காடு ஒரு காலத்தில் அழிந்துபோனது. விறகுக்காக மரத்தை வெட்டினார்கள். ஆடு மாடுகள் துளிரைத் தின்றன. மிச்சம் இருந்ததைத் தீ தின்றது. மலை மொட்டையானது.

1980-களின் இறுதியில் மரம் நடும் வேலை தொடங்கியது. வனத்துறையும் தொண்டு நிறுவனங்களும் ஊர் மக்களும் சேர்ந்து உழைத்தார்கள். நாற்றுப் பண்ணை போட்டார்கள். மழைக்கு முன்பே குழி வெட்டினார்கள். மழை பெய்ததும் கன்றுகளைத் தலையில் சுமந்து ஏறி நட்டார்கள். தண்ணீர் ஓடிப் போகாமல் கல் அணைகள் கட்டினார்கள். இன்று ஆசிரமத்துக்கு மேலே நடப்பவர்களுக்கு நிழல் கிடைக்கிறது. அதற்கு இந்த உழைப்பே காரணம்.

ஒரு தீக்குச்சி போதும்

மலையில் எலுமிச்சை மணம் வீசும் புல் ஏராளம். கோடையில் அது காய்ந்து சருகாகும். யாரோ எறிந்த பீடித் துண்டு போதும். மலைச் சரிவே பற்றிக்கொள்ளும். பத்து ஆண்டு வளர்ந்த கன்றுகள் ஒரே பகலில் கருகிவிடும்!

இதைத் தடுக்க, கோடைக்கு முன்பே புல்லை அகலமாக வெட்டி, "தீத்தடுப்புக் கோடு" போடுகிறார்கள். தீ அந்த இடத்துக்கு வந்ததும், எரிக்க ஒன்றும் இல்லாமல் அடங்கிவிடும். தாண்டி வந்தால், பச்சை மரக்கிளையால் அடித்து அணைக்கிறார்கள்.

காட்டுத் தீ மனிதரையும் விடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், மலை ஏறச் சென்றவர்கள் பலர் தீயில் சிக்கி இறந்தார்கள்.

மழையும் ஆபத்தாகலாம். 2024 டிசம்பர் 1-ந் தேதி, பெருமழையில் அண்ணாமலைச் சரிவு சரிந்தது. அடிவாரத்து வீடு ஒன்று மண்ணில் புதைந்தது. குழந்தைகள் உள்பட 7 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்கள் மலை ஏற அனுமதிக்கப்படவில்லை.

கூடாரம் போடலாமா?

கூடாது. மலையில் இரவு தங்கக் கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது. கந்தாசிரமத்துக்கு மேலே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்.

காட்டுப் பக்கம் தங்க ஆசைப்படும் குடும்பத்தினர், இதே மாவட்டத்தில் உள்ள ஜவ்வாது மலைக்குப் போகலாம். ஜமுனாமரத்தூரில் தங்கிக்கொண்டு, பீமன் அருவியைப் பார்க்கலாம். மலைவாழ் மக்களிடம் தேனும் சாமையும் வாங்கலாம்.

அண்ணாமலைக்கு வருகிறவர்கள் காலையிலேயே ஏறுவது நல்லது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தீப்பெட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்!