வெட்டப்படாத கம்பளி

ஊவாத் தோட்டங்களில் நூறு வருடத்துக்கு மேல் கம்பளி இருந்திருக்கிறது. கம்பளியில் தைத்த உடை இருந்ததில்லை. கோப்பிக் காலத்திலும் பின்னால் வந்த தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியாவிலிருந்து தருவித்த முரட்டுக் கம்பளியைத் தொழிலாளருக்குக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பதைவிட விற்றார்கள் என்பதே சரி. அரிசிக்குப் பற்று எழுதியதுபோலவே கம்பளிக்கும் பற்று எழுதிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். அதைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்து, மேலே கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு சனங்கள் மலைக்கு ஏறினார்கள். இன்று அந்த இடத்தைப் பொலித்தீன் பிடித்துக்கொண்டுவிட்டது. பழைய கம்பளிப் போர்வை ஒன்றை அளவெடுத்து வெட்டி, வீட்டு மெஷினிலேயே தொப்பி வைத்த கேப்பாகத் தைத்துக்கொள்வதுதான் மலைக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

பதுளையில் யாருக்குக் கம்பளி வேண்டும் என்று கேட்பார்கள். டவுனுக்கு அது சரியான கேள்விதான். பதுளை சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மத்தியானத்தில் வேர்த்துக் கொட்டும். ஆனால் அப்புத்தளை 1,400 மீட்டரைத் தாண்டிய இடம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகைக்குமேல் வெப்பம் குறையும் என்ற பொதுக் கணக்கில், பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறவர் அப்புத்தளையில் இறங்கும்போது ஐந்து பாகையைத் தொலைத்திருப்பார். 1890இல் லிப்டன் வாங்கிய தம்பேதென்னையின் மேல்மலைகள் அதற்கும் மேலே. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் காய்ந்த காற்றை உலகம் கொண்டாடுகிறது. அக்காற்றோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒக்டோபருக்குப் பின் வரும் வடகீழ்ப் பருவத்தில், பனி கலையாத காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்கிற உடம்புக்குப் பொலித்தீன் மழையைத்தான் தடுக்கும், குளிரைத் தடுக்காது. ஏற்றத்தில் கூடை சுமந்து வேர்த்த வேர்வை உள்ளேயே நின்று, நடை நின்றதும் சில்லிட்டுவிடும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கியும் தொட்டால் ஈரம் தெரியாது. அந்த ஈரத்தை இழுக்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும்.

இத்தனை நல்ல துணியை அந்தக் காலத்தில் ஏன் யாரும் வெட்டவில்லை? இங்கேதான் என் கட்சிக்கு எதிரான வலுவான வாதம் இருக்கிறது. வெட்டாத கம்பளி பகலில் மழையங்கி, இரவில் போர்வை, விருந்தாள் வந்தால் விரிப்பு. கத்தரிக்கோல் பட்டுவிட்டால் அது ஒன்றுக்குத்தான் ஆகும். பத்தடி காம்பராவில் ஒரு குடும்பமே படுத்த காலத்தில் வெட்டாமல் வைத்திருந்ததுதான் புத்திசாலித்தனம். ஆனால் பகல் முழுக்க நனைந்ததையே ராத்திரியும் போர்த்துக்கொண்டு படுத்ததை வசதி என்று சொல்ல முடியுமா? கூலி அவ்வளவுதான் என்பதால் ஏற்பட்ட வழக்கம் அது. படுக்கைக்கென்று தனிப் போர்வை இருக்கும் வீட்டில் அந்தக் கட்டாயம் இன்று இல்லை. அலுமாரிக்கு மேலே ஏறிக் கிடக்கும் பழைய கம்பளிக்கும் ஒரு வேலை வேண்டாமா?

மலிவாக ஜக்கட் கிடைக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது போதும். அதில் எனக்குத் தகராறு இல்லை. கொழுந்து பறிக்கிறவருக்கும் அடுப்படியில் நிற்கிறவருக்கும்தான் அது உதவாது. முன்னால் எட்டி எட்டிப் பறிக்கும்போது ஜக்கட்டின் கை அக்குளில் இழுக்கும். நனைந்த கைநுனி மணிக்கட்டில் ஒட்டும். விறகடுப்பில் பறக்கும் ஒரு பொறி பொலியெஸ்டரை உருக்கித் தோலோடு ஒட்டவைத்துவிடும். கம்பளி சட்டென்று பற்றாது, பற்றினாலும் தானே அணையப் பார்க்கும். கையிலிருப்பது உண்மையான கம்பளியா என்று பார்க்கவும் அதே நெருப்புத்தான் வழி. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால், கம்பளி மயிர் கருகும் வாடை வீசிச் சாம்பலாக நொறுங்கும். பொலியெஸ்டர் உருண்டு கெட்டி மணியாக நிற்கும்.

இனி வெட்டு. முதலில் கம்பளியை வெந்நீரில் முக்கி, சுருங்குகிற மட்டும் சுருங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் தைத்த கேப் முதல் அடைமழையோடு பிள்ளையின் அளவுக்குப் போய்விடும். சுருங்கிய பிறகு 60க்கு 90 அங்குலம் தேறினால் இரண்டு பேருக்குத் தைக்கலாம். கணக்கு இதுதான். கழுத்துச் சுற்று 15 அங்குலம் என்றால் தளர்வுக்கு ஒன்று, தோள் டாட் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு, ஆக 18. அரைவட்ட வெட்டாகையால் இதை 3.14ஆல் வகுத்தால் ஐந்தே முக்கால் அங்குலம். கழுத்து வளைவை அந்த அளவில் போட வேண்டும். அதிலிருந்து இடுப்புவரை 24 அங்குலம் இறக்கினால் இருபத்தொன்பதே முக்கால். அறுபது அங்குல அகலத்தில் அரைவட்டம் அச்சாக உட்கார்ந்துவிடும். இரண்டு அரைவட்டம் போக மிஞ்சும் 30 அங்குலத் துண்டில் இரண்டு தொப்பியும் முன்பட்டியும் வரும். துணியில் கைவைக்குமுன் பழைய பத்திரிகைத் தாளில் பேப்பர் கட்டிங் போட்டுத் தோளில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. தாளில் பிழைத்தால் காசு போகாது. மேல்நாட்டுப் புத்தகத்து வெட்டை அப்படியே எடுத்துவிடவும் கூடாது. அதை வரைந்தவருக்குக் கூடைக் கயிறு என்றால் என்னவென்று தெரியாது. கயிறு உச்சந்தலையில் அழுத்துமிடத்தில் தையல் வந்தால் அது தலையை அறுக்கும். ஆகவே தொப்பியை இரண்டு துண்டாக வெட்டாமல், நடுவில் ஒரு பட்டை வைத்து மூன்று துண்டாக வெட்டி, உச்சியில் உள்பக்கமாக இன்னொரு மடிப்பு வைத்துத் தைக்க வேண்டும். கை வெளியே வர, தோளுக்குப் பத்து அங்குலம் கீழே பக்கத்துக்கொரு திறப்பு. வெந்நீர் கண்ட கம்பளி லேசில் பிரியாது. ஓரத்தை மடிக்காமல் கம்பளித் தையல் போட்டால் போதும்.

தைக்க ஆளுக்கா பஞ்சம்? சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்ட மெஷின். தோட்டத்துப் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒருத்தி கொலர் மட்டும் தைப்பாள், இன்னொருத்தி சிப் மட்டும் வைப்பாள். கை வேகம் இருக்கிறது, முழு உடுப்பை வெட்டித் தைத்த பழக்கந்தான் குறைவு. கொலரும் கையும் இல்லாத கேப் அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற முதல் உடுப்பு. ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: விடாமல் பெய்கிற மழையில் கம்பளி நீர் குடித்துக் கனக்கும், வெயில் முகம் காட்டாத கிழமையில் லயத்துக் கொடியில் லேசில் காயாது. அந்த நாட்களில் மேலே பொலித்தீனைப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும், கம்பளி உள்ளே இருக்கட்டும்.