இடது கை மட்டும் போதும்

தனி வயலினுக்காக யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய ஆறு படைப்புகள் அவர் கைப்படவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. பிரதியில் 1720 என்று ஆண்டு போட்டிருக்கிறார். அதில் டி மைனர் பார்ட்டிடா என்ற நடனத் தொகுப்பின் கடைசிப் பகுதி 'சாக்கோன்'. பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. சின்னஞ்சிறு அடித்தளம் ஒன்றை வைத்துக்கொண்டு சுமார் கால் மணி நேரம் விரிந்துகொண்டே போகிறது.

வயலினில் நான்கு தந்திகள். வில்லை நிதானமாக இழுத்தால் இரண்டு தந்திகள்தான் சேர்ந்து ஒலிக்கும். பாக்கோ மூன்று, நான்கு ஸ்வரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறார். வாசிப்பவர் கீழ்த்தந்திகளைத் தொட்டுவிட்டு, சட்டென்று வில்லை மேல்தந்திகளுக்குச் சாய்க்க வேண்டும். அதற்குள் கீழ்ஒலி நின்றுவிடும். ஆனாலும் நம் காது அதை விடுவதில்லை. நின்றுபோன ஒலியையும் சேர்த்தே கேட்கிறோம். இந்தப் படைப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பின்னால் வந்த இசையமைப்பாளர்களில் பலர் ஒலி நின்றுபோகும் அந்த இடத்தை நிரப்பப் பார்த்தார்கள். மெண்டல்சோனும் ஷூமானும் வயலினுக்குத் துணையாகப் பியானோ சேர்த்தார்கள். புசோனி இரண்டு கைகளுக்கும் ஸ்வரங்களை அள்ளிக் கொடுத்துப் பியானோவை ஆர்கன் போல முழங்க வைத்தார். அந்தப் பிரம்மாண்டம் யாரையும் கட்டிப்போடும், மறுக்கவில்லை. ஆனால் நம் காதுக்கு அதில் வேலை குறைவு. 1935-ல் செகோவியா பாரிஸில் சாக்கோனைக் கிதாரில் வாசித்துக் காட்டிய பிறகு, கிதார் கலைஞர்களுக்கும் அது சொந்தச் சொத்தாகிவிட்டது.

பிராம்ஸ் வேறு வழியில் போனார். 1877-ல் அவர் பியானோவுக்கு மாற்றியது இடது கைக்கு மட்டும். சுருதியை ஒரு ஸ்தாயி இறக்கினார். மற்றபடி பாக் எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார். ஒரே கை என்பதால் அடுக்கு ஸ்வரங்களை இங்கும் பிரித்துத்தான் வாசிக்க வேண்டும். இடது கையால் மட்டும் வாசிக்கும்போது தன்னை ஒரு வயலின் கலைஞனாகவே உணர்வதாகப் பியானோ கலைஞர் கிளாரா ஷூமானுக்கு எழுதினார். அந்தக் கடிதம் போன நேரத்தில் கிளாராவின் வலது கை சுளுக்கிக் கிடந்தது! பிராம்ஸுக்கு அது தெரியாது.

வாத்தியம் மாறினாலும் வாசிப்பவர் படும் பாட்டை மாற்றாமல் விட்டாரே, அதனால்தான் இத்தனை வடிவங்களில் பிராம்ஸுடையதே பாக்குக்கு மிக நெருக்கமானது என்பேன். முதலில் வயலினில் கேளுங்கள். அன்றே, இடைவெளி விடாமல், பிராம்ஸின் வடிவத்தையும் கேட்டுவிடுங்கள்.