கடலில் கலப்பது யார் வீட்டுக் கழிவு?

கடலோரக் கிராமம் ஒன்றில் நடந்த சுகாதாரக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். கடல்நீரில் கிருமிகள் பெருகிவிட்டன என்று பேசிய அலுவலர், முன்வரிசையில் இருந்த காலனிப் பெண்களைப் பார்த்து, "நீங்க கரையில ஒதுங்கறதுதான் காரணம்" என்றார். வயதான ஓர் அம்மா எழுந்தார். "நாங்க நாப்பது வீடுதான் சார். அந்தக் கால்வாய்ல டவுனே வந்து விழுதே, அதை யாரு கணக்கெடுத்தது?" என்று கேட்டார். அலுவலர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

அந்த அம்மாவின் கேள்விக்கு அறிவியல் பதில் சொல்ல முடியும். கேட்கத்தான் யாருக்கும் மனமில்லை.

கடல்நீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று அறிய, மலக் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாக்களை எண்ணுகிறார்கள். மக்கள் குளிக்கும் கடற்பகுதியில் 100 மில்லி நீரில் இது 100-க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் வகுக்கப்பட்ட தரம். ஆனால் இந்தப் பாக்டீரியா மனிதக் குடலில் மட்டுமல்ல, மாடு, நாய், பறவைகளின் குடலிலும் வாழ்கிறது. கழிவு கலந்திருக்கிறது என்பதை எண்ணிக்கை சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதை மட்டும் வைத்து ஒரு தெருவை நோக்கி விரல் நீட்டுவது அறிவியல் அல்ல, பழைய சாதிப் பழக்கம்.

மூலத்தைக் கண்டுபிடிக்க நடக்க வேண்டும். முகத்துவாரத்தில் தொடங்கி, கால்வாயோரமாக மேலே சென்று, கிளை வாய்க்கால் சேரும் ஒவ்வோர் இடத்திலும் முன்னும் பின்னும் நீர் எடுக்க வேண்டும். எங்கே எண்ணிக்கை சட்டென்று ஏறுகிறதோ, அங்கே ஏதோ கலக்கிறது. கடல் ஏறும்போதும் வற்றும்போதும், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட வேண்டும். சித்திரை வெயிலிலும் மழைநீர் வடிகாலில் நீர் ஓடினால், யாரோ சாக்கடையை அதில் இணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். சந்தேகம் உள்ள கட்டடத்தின் கழிப்பறையில் சாயம் கலந்த நீரை ஊற்றினால், வடிகாலில் நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

ஆய்வகத்திலும் ஒரு வழி உண்டு. பாக்டீராய்டஸ் என்ற குடல் பாக்டீரியாவில் மனிதருக்கென்றும் மாட்டுக்கென்றும் தனித்தனி மரபணு அடையாளங்கள் இருக்கின்றன. ஆனால் அதுவும் மனிதக் கழிவு என்று சொல்லுமே தவிர, எந்தத் தெரு என்று சொல்லாது. அதற்கு மறுபடியும் கால்வாயோரம் நடக்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கேட்டலினா தீவின் அவலான் கடற்கரையில் ஆய்வாளர்கள் கடல்நீரோடு நிற்கவில்லை. கரையோர நிலத்தடி நீரையும் சோதித்தார்கள். பறவை எச்சம் ஒரு காரணம்தான். ஆனால் அந்த நீரில் மனிதக் கழிவின் அடையாளமும் கிடைத்தது. மண்ணுக்கடியில் ஒழுகும் சாக்கடைக் குழாய்கள் மீது கவனம் திரும்பியது.

நம் ஊருக்கு வருவோம். சென்னையின் கழிவைக் கூவமும் அடையாறும் கடலுக்குச் சுமக்கின்றன. ஆற்றை அசுத்தம் செய்கிறவர்கள் என்ற பட்டமோ கரையோரக் குடிசைகளுக்கு. அங்கிருந்த மக்களில் பெரும்பகுதி தலித்துகள். அவர்களைப் பெயர்த்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினார்கள். குடிசைகள் போன பின்னும் ஆற்றில் சாக்கடை ஓடுகிறதே, அது யாருடையது?

குழாய் அடைத்தால் உள்ளே இறங்கச் சொல்வதும் நம் பிள்ளைகளைத்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் சாவு நிற்கவில்லை. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கழிவை உண்டாக்குகிறவர் ஒருவர், பழி சுமப்பவர் இன்னொருவர், உயிர் விடுபவரும் அந்த இன்னொருவரே.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழையில்லாத நாளில் உங்கள் ஊர் வடிகாலோரம் நடந்து பாருங்கள். எங்கெங்கே குழாய் வந்து விழுகிறது என்று குறித்துப் படம் எடுங்கள். நீரில் கை வைக்க வேண்டாம். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கே, எந்தத் தேதியில் நீர் எடுத்தீர்கள், முடிவு என்ன, கால்வாயின் மேற்பகுதியைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் அலுவலர் விரல் நீட்டும்போது, அந்தப் பதில் தாள் நம் கையில் இருக்கட்டும்.