சென்னையில் பாங்கு சொன்னால் நாம் நோன்பு திறக்கலாமா?



ஒவ்வொரு ரமளானிலும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் ஒரு கேள்வி உண்டு. "டிவியில் மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள், நம்ம பள்ளியில் இன்னும் சொல்லவில்லையே, திறக்கலாமா?" என்று கேட்பார்கள். டிவியில் வருவது சென்னை நேரம், நாம் இருப்பது குமரி மாவட்டத்தில், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். பொறுக்க வேண்டியது எத்தனை நிமிடம் என்று சிலர் விடாமல் கேட்பார்கள். ரமளான் மே, ஜூன் மாதங்களில் வந்த ஆண்டுகளில் இரண்டு, மூன்று நிமிடம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கணக்கு இப்போது செல்லாது. வரும் ஆண்டுகளில் இன்னும் செல்லாது. டிசம்பர் கடைசியில் அது ஏறக்குறைய 20 நிமிடமாகிவிடும். டிவியைப் பார்த்துப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தவருக்கு அன்றைய நோன்பு கூடாது. களாச் செய்ய வேண்டியதுதான்.

ஊர் நகரவில்லை, சென்னையும் நகரவில்லை. அப்படியிருக்க இரண்டு நிமிடம் எப்படி இருபதாகிறது? இதற்கு விடை தேடினால், கோடையும் குளிரும் மழையும் ஏன் மாறி மாறி வருகின்றன என்ற கேள்வியில் போய் நிற்கிறோம்.

மதரஸாப் பிள்ளைகளிடம் கேட்டால், கோடையில் சூரியன் நமக்குப் பக்கத்தில் வருகிறது என்பார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். உண்மை வேறு. பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிக விலகி நிற்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். லண்டனில் உறைபனி கொட்டுகிற ஜனவரியில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது. அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கடுங்கோடை. தூரம்தான் காரணமென்றால் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கோடை வர வேண்டுமே.

காரணம் பூமியின் சாய்வு. பம்பரம் போலத் தன்னைத்தானே சுற்றும் பூமியின் அச்சு நேராக நிற்கவில்லை, 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்தபடியே, அந்தச் சாய்வின் திசையை மாற்றாமல், ஓராண்டில் சூரியனைச் சுற்றி வருகிறது.

இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஓர் எலுமிச்சம்பழத்தில் ஈர்க்குச்சி ஒன்றைக் குத்திக்கொள்ளுங்கள். மேசை நடுவில் விளக்கு. குச்சியின் மேல்முனை எப்போதும் ஒரே சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, விளக்கைச் சுற்றி மெல்ல நடக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் நடக்கும்போது குச்சியையும் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள். அதை மட்டும் கவனித்துத் திருத்த வேண்டும். ஒரு பக்கத்தில் பழத்தின் மேல்பாதி விளக்கை நோக்கிச் சாய்ந்து நிற்கும். அது ஜூன். எதிர்ப்பக்கம் போனால் அதே மேல்பாதி விளக்கை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். அது டிசம்பர். இடையில் இரண்டு இடங்களில் எந்தப் பாதிக்கும் சலுகை இல்லை. மார்ச் 20, 21லும் செப்டம்பர் 22, 23லும் உலகெங்கும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருப்பது இதனால்தான்.

சூரியனை நோக்கிச் சாய்ந்த பாதிக்கு இரண்டு விதத்தில் வெப்பம் கூடுகிறது. முதலாவது, வெயில் செங்குத்தாக விழுகிறது. டார்ச் லைட்டைத் தரைக்கு நேராகப் பிடித்தால் சிறிய வட்டமாகப் பளீரென்று இருக்கும், சாய்த்துப் பிடித்தால் அதே வெளிச்சம் நீண்டு பரவி மங்கிவிடும். வெயிலும் அப்படித்தான். இரண்டாவது, அந்தப் பாதியில் பகல் நீளுகிறது. நம் நோன்புக் கணக்கைப் புரட்டிப்போடுவது இந்த இரண்டாவது விஷயம். அதற்குப் பிறகு வருவோம்.

இந்தச் சாய்வை அளந்தவர்களில் நம் முன்னோர் ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. இன்றைய சிரியாவில் உள்ள ரக்கா நகரில், சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன், அல்-பத்தானி என்ற வானியல் அறிஞர் இருந்தார். தொலைநோக்கி பிறக்காத காலம். நண்பகல் சூரியனின் உயரத்தை ஆண்டு முழுக்க அளந்து, சாய்வு 23 பாகை 35 கலை என்று எழுதி வைத்தார். இந்தச் சாய்வு நூற்றாண்டுகள் போகப்போக மிக மெல்லக் குறைந்து வருகிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால், அவர் காலத்தில் அது ஏறக்குறைய அவர் சொன்ன அளவேதான். அவருக்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் பெரிய பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் கணிப்பதற்கென்றே 'முவக்கித்' என்ற பதவி இருந்தது. திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் அந்தப் பணி செய்த இப்னு ஷாத்திர் 14ஆம் நூற்றாண்டின் பெரும் வானியலாளர். இன்று நாம் சுவரில் மாட்டியிருக்கும் தொழுகை நேர அட்டை இவர்கள் வழி வந்த சொத்து.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். சாய்வின் அடையாளங்களை இங்கே வெறுங்கண்ணால் பார்க்கலாம். கன்னியாகுமரி முனையில் டிசம்பரில் கடலுக்குள் மறையும் சூரியன், ஜூனில் வெகுதூரம் வடக்கே தள்ளிக் கரைப்பக்கமாக மறையும். சூரியன் உதிக்கும் இடமும் அதேபோல் ஆண்டு முழுக்க வடக்கும் தெற்குமாக நகர்கிறது. ஸூரத்துர் ரஹ்மானில் இரண்டு கிழக்குகளும் இரண்டு மேற்குகளும் பேசப்படுவதற்கு, கோடையிலும் குளிரிலும் சூரியன் உதித்து மறையும் இருவேறு இடங்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். முனையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் எளிதில் பிடிபடும்.

நிழலையும் பாருங்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. ஒரு பொருளின் நிழலை அளந்து அஸர் நேரத்தைக் கணிக்கும்போது, நண்பகலில் இருந்த நிழலைத் தனியாகக் கழிக்க வேண்டும் என்று பிக்ஹு கிதாபுகள் சொல்வது இந்த மாற்றத்துக்காகத்தான்.

மக்காவும் இதேபோல் சூரியன் உச்சிக்கு வரும் பகுதியில்தான் இருக்கிறது. மே 28 அன்று நம் நேரப்படி பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16 அன்று பிற்பகல் 2.57க்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும். லீப் ஆண்டில் ஒரு நாள் முன்னதாக. அந்த நிமிடத்தில் இங்கிருந்து சூரியன் இருக்கும் திசையே கிப்லா. செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். புது வீடு கட்டுகிறவர்கள் செல்போன் திசைகாட்டியை நம்புவதைவிட இதை நம்பலாம். மேகம் மூடிவிட்டால் அடுத்த நாள் அதே நேரத்தில் பார்த்தாலும் வித்தியாசம் மிகச் சிறிதே.

மழையும் சாய்வோடு தொடர்புள்ளதுதான். வடபாதி சூரியனை நோக்கிச் சாயும் மாதங்களில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. மேலெழும் சூடான காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. நம் பெரியவர்கள் எடவப்பாதி என்று சொல்லும் மழை அது. சூரியன் தெற்கே போனதும் காற்றின் திசை மாறி வடகிழக்குப் பருவமழை. இரண்டையும் பெறுகிற மாவட்டம் நம்முடையது, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது அந்த 20 நிமிடக் கணக்கு. நாகர்கோவில் சென்னைக்குத் தெற்கே மட்டும் இல்லை, மேற்கேயும் தள்ளி இருக்கிறது. மேற்கே ஒரு பாகை தள்ளினால் சூரியன் 4 நிமிடம் தாமதமாக வரும், 4 நிமிடம் தாமதமாகப் போகும். நமக்கும் சென்னைக்கும் உள்ள இடைவெளி மூன்று பாகைக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நாம் சுமார் 11 நிமிடம் பின்தங்கி இருக்கிறோம். இது ஆண்டு முழுக்க மாறாதது.

மாறுவது பகலின் நீளம். ஜூன் 21 அளவில் சென்னையில் பகல் 12 மணி 53 நிமிடம், நமக்கு 12 மணி 35 நிமிடம். வடக்கே போகப்போகக் கோடைப்பகல் நீளும் என்பதால் சென்னைக்கு 18 நிமிடம் அதிகம். அதில் 9 நிமிடம் காலையிலும் 9 நிமிடம் மாலையிலும் சேர்கிறது. அதாவது சென்னையில் சூரியன் 9 நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டு மறைகிறது. நமது 11 நிமிடத் தாமதத்தில் 9 கழிந்து, மிஞ்சுவது இரண்டு அல்லது மூன்று நிமிடம். நாம் பழகிய கணக்கு இதுதான்.

டிசம்பரில் எல்லாம் தலைகீழ். சென்னையின் பகல் 11 மணி 22 நிமிடமாகச் சுருங்குகிறது, நமது பகல் 11 மணி 40 நிமிடம். அங்கே சூரியன் 9 நிமிடம் முன்னதாகவே மறைகிறது. 11உடன் 9 சேர்ந்து 20. டிசம்பர் 21 அன்று சென்னையில் சூரியன் மறைவது மாலை 5.48 அளவில், நாகர்கோவிலில் 6.08 அளவில். மார்ச் 21 அளவில் பகல் எங்கும் சமமாவதால் வித்தியாசம் 11 நிமிடத்தில் நிற்கும். பிப்ரவரி நடுவில் 15 நிமிடம் போல இருக்கும்.

ஸஹரில் இது மறுபடி மாறும். டிசம்பரில் ஸுப்ஹு நேரம் இரண்டு ஊருக்கும் மூன்று, நான்கு நிமிட வித்தியாசம்தான். ஜூனிலோ சென்னையில் 20 நிமிடத்துக்கும் மேல் முன்னதாகவே ஸுப்ஹு ஆகிவிடும். சென்னையில் படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஊர் அட்டையைப் பையில் எடுத்துப் போயிருந்தால், கோடை மாதங்களின் நபில் நோன்புகளில் ஸுப்ஹு வந்த பிறகும் ஸஹர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நாம் இங்கே மஃரிபில் செய்யும் தவறை அவர்கள் அங்கே ஸஹரில் செய்வார்கள். ஆகவே சென்னை நேரத்தோடு இத்தனை நிமிடம் கூட்டிக்கொள் என்று ஒரே எண்ணைச் சொல்லிக்கொடுப்பதை நாம் நிறுத்தியாக வேண்டும். ஆண்டு முழுக்கச் சரியாக வரும் எண் கிடையாது.

ஐந்து பாகை வித்தியாசத்துக்கே இப்படி என்றால், 51 பாகைக்கு மேல் வடக்கே இருக்கும் லண்டனில் எப்படி இருக்கும்? அங்கே ஜூன் 21 அன்று சூரியன் மறைவது இரவு 9.21க்கு. டிசம்பர் 21 அன்று பிற்பகல் 3.53க்கே மறைந்துவிடும். 2016இல் ரமளான் ஜூனில் வந்தபோது அங்கே நோன்பு 18 மணி நேரத்தைத் தாண்டியது. மகன் பட்டினி கிடக்கிறானே என்று இங்கே உம்மாமார் கண்கலங்கிய ஆண்டு அது. கோடையின் நடுவில் அங்கே வானம் முழுதாக இருட்டுவதும் இல்லை. மாலை வெளிச்சம் மறையுமுன் காலை வெளிச்சம் தொடங்கிவிடும். இஷாவும் ஸுப்ஹும் எப்போது என்பதில் அங்குள்ள பள்ளிவாசல்கள் வெவ்வேறு அட்டைகளைப் பின்பற்றுவது இதனால். மார்க்க அறிஞர்கள் இதற்கு வழிகள் வகுத்திருக்கிறார்கள். அங்கிருக்கும் பிள்ளைகள் தம் பள்ளிவாசலின் அட்டையைப் பின்பற்றட்டும், இங்கிருந்து நாம் போனில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

நம் ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்கள். சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் ரமளான் ஆண்டுதோறும் 11 நாள் போல முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 1986இலும் 2019இலும் அது மே மாதத்தில் வந்தது. பருவத்தோடு மாதங்களைக் கட்டிப்போட அன்றைய அரபிகள் மாதங்களைத் தள்ளிப்போட்ட வழக்கத்தை ஸூரத்துத் தவ்பா கண்டிக்கிறது. ரமளான் ஒரே பருவத்தில் நின்றிருந்தால், லண்டன்காரருக்கு என்றும் நீண்ட நோன்பு, ஆஸ்திரேலியாக்காரருக்கு என்றும் குறுகிய நோன்பு, அல்லது அதற்கு நேர்மாறு என்று ஆகியிருக்கும். இப்போதோ எல்லோருக்கும் முறை வருகிறது.

அந்த நகர்வில் ரமளான் இப்போது குளிர்காலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. 2030ஆம் ஆண்டில் இரண்டு ரமளான். ஜனவரி முதல் வாரத்தில் ஒன்று, டிசம்பர் கடைசி வாரத்தில் இன்னொன்று. பகல் குறுகி நோன்பு இலேசாகும், ஆனால் டிவி பாங்குக்கும் நம் மஃரிபுக்கும் உள்ள இடைவெளி 20 நிமிடத்தைத் தொடுவது அந்த ஆண்டுகளில்தான்.

ஆகவே உங்கள் மஹல்லா பள்ளியின் நேர அட்டையை வாங்கி, நோன்புக் கஞ்சி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அட்டையில் எந்த ஊருக்குக் கணித்தது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் இனாமாகக் கொடுக்கும் காலண்டர்கள் பலவற்றில் அது சென்னையாகவே இருக்கும். செல்போன் செயலி வைத்திருப்பவர்கள் அதில் ஊர் நாகர்கோவில் என்றோ தக்கலை என்றோ இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். சந்தேகம் வந்தால் இமாமைக் கேளுங்கள், அல்லது அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு அட்டையோடு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.