இல்லாமை வேறு, தேவையின்மை வேறு!

"மருந்து தீர்ந்துவிட்டது, ஆயா! அடுத்த வாரம் வா!"

ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்துச் சன்னலில் எழும் இந்த ஒற்றை வரி எத்தனை கொடியது! ஒருநாள் கூலியை இழந்து, பஸ் பிடித்து வந்து, வரிசையிலே கால்கடுக்க நின்ற ஏழைத் தாய் அவள். சர்க்கரை நோய், கூடவே இரத்தக் கொதிப்பு. மருத்துவர் இருக்கிறார்; சீட்டும் எழுதித் தந்துவிட்டார்; மாத்திரை மட்டும் இல்லை! அடுத்த வாரம் வரை நோய் காத்திருக்குமா? காசுள்ளவன் கடைவீதிக்குப் போவான். அவள் எங்கே போவாள்?

பணப்பற்றாக்குறைதான் காரணம் என்பர் சிலர். முழு உண்மை அன்று அது. பல நேரங்களில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது, கணக்கு!

எப்படி என்கிறீர்களா? ஒரு நிலையத்துக்கு வந்த 1,000 மாத்திரைகள் 10 நாளில் தீர்ந்தன. மீதி 20 நாளும் பெட்டி காலி. "மாதச் செலவு 1,000" என்று எழுதுகிறது பேரேடு. அடுத்த மாதமும் அதே 1,000 வருகிறது. உண்மைத் தேவை 3,000 அல்லவா? கிடைக்காமல் திரும்பியவனை, கேட்காதவன் என்று எழுதிவிட்டது கணக்கு! நமக்குப் பழக்கமான அநீதிதான் இது. பள்ளிக்கூட வாயிலை அடைத்தார்கள். பிறகு, "படிப்பில் நாட்டமில்லாதவர்கள்" என்று நம்மையே பழித்தார்கள்!

தமிழ்நாடு இதற்கு வழி காணாமல் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் உருவாகி, 1995-ல் பணி தொடங்கியது. அன்று ஆண்டது மாற்றுக் கட்சிதான். அதனால் என்ன? மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வது அண்ணா வளர்த்த பண்பு. மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி, வணிகப் பெயருக்கு விலை கொடாமல், பொதுப்பெயரில் கொள்முதல், ஆய்வுக்கூடத்தில் தேறிய பின்பே விநியோகம், மாவட்டந்தோறும் கிடங்கு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புத்தகம்! அதிலுள்ள தொகைக்குள், வேண்டிய மருந்தைக் கேட்டு எடுக்கலாம். மேலிடம் தள்ளியதை வாங்கிய காலம் மாறி, கீழிருந்து கேட்டுப் பெறும் உரிமை பிறந்தது. 2011-ல் ராஜஸ்தானும் இவ்வழியில் நடந்தது.

2021 ஆகஸ்டில் தி.மு.க. அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே போயிற்று. வாசலுக்குப் போகும் கை, வெறுங்கையாக இருக்கலாமா?

ஆகவே சொல்கிறோம்: மருந்து இருந்த நாள்களை மட்டும் வைத்துத் தேவையைக் கணக்கிடுக! சரக்கு வர ஒரு மாதம் ஆகுமெனில், அந்த மாதத்துக்கு 3,000. மழைக்கும் தாமதத்துக்கும் அரை மாதத்துக்கான 1,500. ஆக, 4,500 கையிருப்பில் இருக்கும்போதே கேட்டு எழுதுக! முந்திக் காலாவதியாவதை முந்திக் கொடுத்திடுக! ஓரிடத்தில் தூங்கும் மருந்தை, அதற்காகத் தவிக்கும் இடத்துக்கு அனுப்பிடுக! இவற்றைச் செய்ய ஆள் வேண்டுமே. மருந்தாளுநர் இடம் எங்கே காலியோ, அங்கே உடனே நிரப்பிடுக!

கொடுத்த மாத்திரையை மட்டும் எழுதினால் அது சரக்குக் கணக்கு. வெறுங்கையோடு திரும்பிய தாயையும் சேர்த்து எழுதினால்தான், அது மக்கள் கணக்கு!