கிணற்று மேடும் நெய்வேலி மேடும்

பொன்னமராவதிப் பக்கம் கிணறு வெட்டிய தோட்டங்களில் அந்த மேட்டைப் பார்க்கலாம். அடியிலிருந்து கப்பியும் சரளையுமாக அள்ளிக் கொட்டியது, பத்துப் பதினைந்து வருஷம் ஆனாலும் மொட்டையாகவே கிடக்கும். நாலு எருக்கு, ஓரமாகக் கொஞ்சம் ஆவாரை. பத்தடி தள்ளிக் கடலை கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதே மழை, அதே வெயில்தான். அடியிலிருந்து வந்தது இன்னும் மண்ணாகவில்லை.

இந்த மேட்டை மலையளவு பெருக்கினால் நெய்வேலி. அங்கேயும் கதை கிணற்றில்தான் தொடங்கியது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது தண்ணீரோடு கரிய பொருள் வெளியே வந்தது. 1956-இல் அந்தப் பழுப்பு நிலக்கரியை எடுக்க நிறுவனம் அமைந்து, மறுவருஷம் சுரங்க வேலை ஆரம்பமானது. ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க, அதன் மேலிருக்கும் மண்ணும் மணற்பாறையுமாக 5 கன மீட்டருக்கும் அதிகமாக அகற்றியாக வேண்டும். அந்தக் கழிவு மண்ணில் பயிர் வருமா?

விதை போட்டுப் பார்க்கலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நானும் பார்த்தேன். எங்கள் கிணற்று மேட்டு மண் ஒரு டப்பாவில், கண்மாய் வண்டல் கலந்த தோட்ட மண் இன்னொன்றில். இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சைப்பயறு. நான்காம் நாள் இரண்டும் ஒன்றுபோல முளைத்தன. மேட்டு மண்ணில் ஒன்று கூடுதலாகவே வந்தது. இரண்டு வாரம் போனதும் நிலைமை மாறியது. மேட்டு மண் பொருக்குத் தட்டி, ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றது. புது இலைகள் வெளுத்துச் சிறுத்தன. விதை தன் பருப்பிலேயே கட்டுச்சோறு கொண்டுவருகிறது. அது தீரும்வரை எந்த மண்ணும் அதற்கு நல்ல மண்தான். முளைப்புச் சோதனை உப்பையும் நஞ்சையும் காட்டிக்கொடுக்கும். அதை மட்டும் வைத்து ஒரு மண்ணுக்கு நற்சான்று கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆய்வகமும் ஏமாறும். நம் விவசாயிகள் குடுமியான்மலை மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகும் வயல் மண்ணில் அங்ககக் கரிமம் என்று அளப்பது மட்கிய தழையும் எருவும் தந்தது. சுரங்க மண்ணிலோ நிலக்கரித் துகள் கலந்திருக்கும். டைக்ரோமேட் ஊற்றி அளக்கும் வழக்கமான முறை அந்தக் கரியிலும் ஒரு பகுதியைச் சேர்த்து எண்ணிவிடும். தாளில் வளமான மண் என்று வரும். வயலில் தழைச்சத்து இருக்காது.

எல்லாவற்றையும்விட மோசம், தாமதமாக வரும் புளிப்பு. நிலக்கரிப் படுகைகளில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் இருப்பதுண்டு. காற்றுப் படாத ஆழத்தில் அது பேசாமல் கிடக்கும். வெளியே வந்து காற்றும் ஈரமும் பட்டால் கந்தக அமிலத்தை உண்டாக்கும். தோண்டிய அன்று பிஹெச் 7 காட்டிய மண் போகப் போக 4-க்கும் கீழே இறங்கலாம். 5-க்குக் கீழே போனாலே அலுமினியம் கரைந்து வேர்நுனியை முடக்க ஆரம்பிக்கும். அதனால் ஆய்வாளர்கள் மண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறார்கள். கலவை நுரைத்துச் சூடாகும். வருஷக்கணக்கில் நடக்க வேண்டிய மாற்றம் ஓரிரு நாளில் முடிந்துவிடும். அதன் பிறகு பிஹெச் பார்த்தால் வரப்போவது தெரியும். ஒரு டன் மண்ணில் பைரைட் கந்தகம் 1 சதவீதம் இருந்தால், அந்த அமிலத்தை முறிக்க 31 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும்.

நெய்வேலி மேடுகளில் மரம் வளர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் சுரங்கத்துக்குப் போனதில் நெல்லும் கடலையும் விளைந்த நிலமும் உண்டு. அப்படிப்பட்ட நிலத்தைத் திருப்பித் தந்தோம் என்று சொல்ல, தூரத்திலிருந்து தெரியும் பச்சை போதாது. மேல்மண்ணை முதலிலேயே தனியாக வழித்து வைத்து, அதிக காலம் குவித்துப் போடாமல் மறுபடி பரப்ப வேண்டும். நாள்பட்ட குவியலில் நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். பிறகு தொழு உரம், தக்கைப்பூண்டு, பயறு.

பயறே நல்ல பரிசோதகர். முப்பதாம் நாள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். முடிச்சுகள் இருந்தால் ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை. இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது. என் தோட்ட மண் டப்பாவில் ஒரு வேரில் பதினேழு முடிச்சு, உள்ளே இளஞ்சிவப்பு. மேட்டு மண் செடியில் இரண்டே இரண்டு; இரண்டும் வெள்ளை.