காத்திருந்த காதுகள்

பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பது நல்ல பழக்கம் அல்ல என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் ஒட்டுக் கேட்பதற்கென்றே ஒரு ரேடியோ ஸெட் இருந்தது, அதை வீட்டில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கேட்டார்கள் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

அமெரிக்காவில் 1970-களில் பரவிய அந்த ஸெட்டுக்கு ‘ஸ்கானர்’ என்று பெயர். முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். வெளிச்சம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். போலீஸ்காரரோ, தீயணைப்புக்காரரோ எங்கேயாவது வாய் திறந்தால் போதும், அங்கேயே நின்று பேச்சைக் காதில் போடும். எந்தத் தெருவில் தீ, எந்த மூலையில் விபத்து என்பதெல்லாம் பத்திரிகைக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும்! இன்று அங்கே பல ஊர்களில் போலீஸார் பேசுவது வெளியார் காதுக்கு எட்டாதபடி சங்கேதமாகிவிட்டது. ஊமையான பழைய ஸெட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்த ஆசைக்கு இடமில்லாமல் போயிற்று. 1933-ல் வந்த வயர்லெஸ் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் ஸெட் வைத்திருப்பதையே குற்றம் என்றது. பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்கே ஆண்டுதோறும் போஸ்டாபீஸில் பணம் கட்டிய வீடுகள் அல்லவா நம்முடையவை? போலீஸ் வயர்லெஸ் என்றால், ஜீப் நிற்கும்போது எழும் ‘கரகர’ சத்தத்தோடு சரி.

ஆனாலும் இந்த விஷயத்தில் நம் புதுவைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக வயர்லெஸில் ஊர் ஊராகப் பேசுகிறவர்களை ‘ஹாம்’ என்பார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அழைப்புக் குறி. இந்தியாவுக்கு ‘வி.யூ.’; பிரெஞ்சிந்தியாவுக்கோ ‘எஃப்.என்.8’. பேசி முடித்ததும், பேசியதற்குச் சாட்சியாகத் தபாலில் ஓர் அட்டை அனுப்புவது அவர்கள் சம்பிரதாயம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஹாம்களின் தேசப் பட்டியலில் பிரெஞ்சிந்தியாவின் கணக்கும் அக்டோபர் 31-உடன் முடிந்துபோயிற்று. அதற்கு முன் கிடைத்த ‘எஃப்.என்.8’ அட்டை எவரிடமாவது இருந்தால், அது பாட்டியின் பெட்டியிலுள்ள காசுமாலை மாதிரி. இனிப் புதிதாக ஒன்று கிடைக்காது.

வெறும் பழமை மோகம் என்று இதைத் தள்ளிவிடலாமா? ஒரு கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அதன் அபயக் குரல் வயர்லெஸில் அலறிக்கொண்டே இருந்தது. அதிகத் தொலைவில் இல்லாத ‘கலிபோர்னியன்’ கப்பலின் வயர்லெஸ் ஆபரேட்டரோ, அன்றைய வேலையை முடித்து, ஸெட்டை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். சுமார் 1,500 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் கடலில் காதைத் தீட்டி வைத்திருப்பது சட்டமாயிற்று. கப்பலின் வயர்லெஸ் அறைக் கடிகாரத்தில் 15 முதல் 18 நிமிஷம் வரையிலும், 45 முதல் 48 வரையிலும் சிவப்புச் சாயம் பூசினார்கள். முள் அந்தச் சிவப்புக்குள் வந்தால், ஆபத்துக்கான 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேறு எவரும் பேசக் கூடாது. எங்கோ தத்தளிக்கிறவனின் மெல்லிய ‘எஸ்.ஓ.எஸ்.’ மற்றவர் இரைச்சலில் அமுங்கிவிடக் கூடாதே! 1999 பிப்ரவரி 1 முதல் சாட்டிலைட்டும் தானியங்கிக் கருவிகளும் அந்தப் பொறுப்பை முழுவதும் ஏற்றுக்கொண்டன. சிவப்புக் கடிகாரம் கண்காட்சிப் பொருளாயிற்று.

கருவி பழசானாலும் காதின் வேலை பழசாகவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதியை நம் கடற்கரை மறக்குமா? அன்று காலை, சிங்கப்பூரில் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், புதுவையை அடுத்த நல்லவாடுவிலிருந்த தம் குடும்பத்துக்குப் போன் செய்தார். அந்த மீனவ கிராமத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. கடலின் நிலைமையை ஒலிபெருக்கியில் சொல்வது அங்கே வழக்கம். அதே ஒலிபெருக்கி, “எல்லோரும் ஓடுங்கள்!” என்று அலறியது. தினமும் கேட்டுப் பழகிய ஜனங்கள் தயங்கவில்லை. வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் பிழைத்தார்கள்.

அதே நாளில் போர்ட் பிளேரில் இருந்தார் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு, உலக ஹாம்களுடன் பேசுவதற்காக அந்தமான் போயிருந்தார். பூமி அதிர்ந்தது, மின்சாரம் போயிற்று, டெலிபோன் செத்தது. விளையாட்டாகக் கொண்டுபோன ஸெட்டு உயிர்காக்கும் ஸெட்டாயிற்று. “உங்கள் மனிதர்கள் நலம்” என்ற செய்தி, தவித்துக்கொண்டிருந்த வீடுகளுக்கு அந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது. பெண்களுக்கு மெஷின் விவகாரம் புரியாது என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்!

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தபோது நமக்கும் பாடம் கிடைத்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லாத வீட்டில், சார்ஜ் தீர்ந்த செல்போன் வெறும் கண்ணாடித் துண்டு.

ஆகவே, ஐப்பசி பிறக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பரணில் கிடக்கும் டிரான்ஸிஸ்டரை இறக்கித் தூசி தட்டி, புது பாட்டரி போட்டுப் பாருங்கள். ஒரு ஜோடி பாட்டரியை மாற்றாகத் தீப்பெட்டி, மெழுகுவர்த்தியோடு வையுங்கள். அதைத் திருப்பக் குழந்தைகளுக்கும் கற்றுக் கொடுங்கள். புயல் இரவில் உங்கள் வீட்டிலும் ஒரு காது விழித்திருக்கட்டும்.